ஒரே பெனிசிலினுக்கு ரெண்டு முடிவு: அப்பாவோட ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயமா இருக்கு

ஜெலுத்தோங் மகள்:

வணக்கம். அப்பாவுக்கு 71 வயசு. போன வாரம் நிமோனியான்னு பினாங்குல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அதுக்கு முன்னாடி வீட்டுப் பக்கத்துக் கிளினிக்ல அசித்ரோமைசின் கொடுத்தாங்க, மூணு நாளைக்கு மூணு மாத்திரை. காய்ச்சல் விடவே இல்ல. வார்டுல ரத்தம் எடுத்து, கிருமி வளருதான்னு கல்ச்சர் பண்ணதுல நிமோகாக்கஸ்ங்கற கிருமி வந்திருக்கு.

ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். எரித்ரோமைசினுக்கு நேரா 'ஆர்', அதாவது கிருமி அந்த மருந்துக்குக் கேட்காது. பெனிசிலின் மட்டும் ரெண்டு வரியில இருக்கு: மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்கு 'ஆர்', மத்ததுக்கு 'எஸ்', அதாவது கேட்கும். பக்கத்துல 0.5ன்னு ஒரு எண். டாக்டர் பெனிசிலினையே ஊசியில போடச் சொல்லிட்டார். ரவுண்ட்ஸ்ல கேட்கறதுக்குள்ள அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார். 'ஆர்'னு போட்ட மருந்தையே கொடுக்கலாமா? இன்னொன்னு, மருந்துக்கு அடங்காத இந்தக் கிருமியை நம்ம நாட்டுல யாராவது கணக்கு வெச்சிருக்காங்களா, இல்ல இந்தப் பேப்பர் ஃபைலோட முடிஞ்சிடுமா?

செந்தூல் லேப்காரர்:

பயப்படாதம்மா. கோலாலம்பூர்ல 31 வருஷம் மைக்ரோபயாலஜி மேசையில உட்கார்ந்தவன் நான். இந்த மாதிரி ரெண்டு வரி ரிப்போர்ட்டை நானே எத்தனையோ தடவை டைப் அடிச்சிருக்கேன்.

கிருமி வளர்க்கற ரத்த அகர்ங்கற ஜெல்லித் தட்டுல நிமோகாக்கஸைப் பார்த்தா மறக்காது. சின்னச் சின்னப் பொட்டு, நடுவில குழி விழுந்து ஓரம் மேடா இருக்கும், சுத்தி பச்சை பூத்திருக்கும். அதுல முதல்ல ஆக்ஸசிலின்னு பெனிசிலின் குடும்பத்து மருந்து ஊறின வில்லை வைப்போம். சுத்தி வளராத வட்டம் 20 மி.மீ. இருந்தா பெனிசிலின் கேட்கும்னு எழுதிடலாம். குறைஞ்சா அதை மட்டும் வெச்சு முடிவு சொல்லக் கூடாது. எண்ணை அளந்தே ஆகணும். மருந்து கூடிக்கிட்டே போற ஒரு பட்டையைத் தட்டுல வெச்சா, மறுநாள் நீள்வட்டமா ஒரு வெற்றிடம் தெரியும். அதோட நுனி பட்டையைத் தொடற இடத்து எண்தான் உங்க 0.5. ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் பெனிசிலின் இருந்தா இந்தக் கிருமி வளராது.

ஊசியில போடற பெனிசிலின் ரத்தத்துலயும் நுரையீரல்லயும் அதைவிட ரொம்ப மேல ஏறும். மூளையைச் சுத்தி இருக்கற நீருக்குள்ள கொஞ்சம்தான் நுழையும். அதனாலதான் நுரையீரலுக்கு 2 வரைக்கும் 'எஸ்', மூளைச்சவ்வுக்கு 0.12 வந்தாலே 'ஆர்'. அப்பாவுக்கு மூளைச்சவ்வுக் காய்ச்சல் இல்லைன்னா டாக்டர் கொடுத்தது சரியான மருந்து.

இந்த ரெண்டு வரி முறையை, லேப் அளவுகோல்களை வகுக்கற அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. 2008ல கொண்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் ஒரே அளவுகோல். மாத்தினதும் பழைய கணக்குல 'எஸ்'னு வராத கிருமிகள்ல பெரும் பகுதி 'எஸ்' பக்கம் வந்துடுச்சு, கிருமி அப்படியேதான் இருந்துச்சு. எண்ணை எழுதாம வெறும் எழுத்தை மட்டும் சேர்த்து வெச்ச லேப்ல, அந்த வருஷத்துக்கு முன்னையும் பின்னையும் ஒப்பிடவே முடியாது. நான் பயிற்சி கொடுத்த பிள்ளைங்ககிட்ட எண்ணை எழுதுன்னு கெஞ்சுவேன்.

கணக்கு உண்டும்மா. ஐ.எம்.ஆர்., அதாவது 1900ல கோலாலம்பூர்ல தொடங்கின மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாடு முழுக்க லேப் முடிவுகளை வாங்கித் தொகுக்குது. லேப்ல ஹூநெட்னு ஒரு இலவச மென்பொருள்ல பதிவோம். ஒரே ஆளோட ரத்தம் நாலு தடவை வந்தாலும் முதல் கிருமியை மட்டும் எண்ணுவோம், இல்லாட்டி நாள்பட்ட நோயாளி ஒருத்தரே சதவீதத்தை ஏத்திடுவார்.

ஆனா என் மனசுல கிடக்கற கவலை வேற. அசித்ரோமைசினும் எரித்ரோமைசினும் ஒரே குடும்பம். மாத்திரை கேட்காத கிருமி ஆனதாலதான் அது தப்பிச்சுக் கல்ச்சர் வரைக்கும் வந்திருக்கு. கேட்கற கிருமியா இருந்தா ரத்தம் ஊத்தின பாட்டில்ல ஒண்ணும் வளர்ந்திருக்காது, பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்க மாட்டார். மாத்திரைக்கு அப்புறம் எடுத்த ரத்தத்தையே எண்ணினா, அடங்காத கிருமி நிஜத்தைவிட அதிகமாத் தெரியும். இன்னொரு பக்கம், கல்ச்சரே எடுக்காம மாத்திரை மாத்தி மாத்தி வாங்கித் தின்னவங்க எந்தக் கணக்குலயும் இல்ல. ரத்தத்தோட லேப்புக்கு வர்ற ஃபாரத்துல 'ஏற்கனவே எடுத்த ஆன்டிபயாடிக்'னு ஒரு கட்டம் இருக்கும். எனக்கு வந்த ஃபாரத்துல பாதிக்கு மேல அது காலியாத்தான் வரும்.

வார்டு மிஸ்ஸி (நர்ஸ்):

ஐயா சொன்ன கட்டம் காலியா வர்றதுக்கு எங்க பக்கத்துக் காரணம் இது: குடும்பத்தைக் கேட்டா "ஏதோ வெள்ளை மாத்திரை"ன்னு சொல்வாங்க. மாத்திரை அட்டையைக் கொண்டு வந்தா எழுதிடுவோம். ரத்தம் மருந்துக்கு முன்னாடி எடுக்கணும், பெரியவங்கன்னா ஒரு பாட்டிலுக்கு 8லிருந்து 10 மில்லி. அதுக்காக மூச்சு திணறறவருக்கு மருந்தைத் தள்ளிப் போட மாட்டோம். சளி கேட்டா வாயைக் கொப்பளிச்சுட்டு அடி நெஞ்சுல இருந்து இருமச் சொல்லுங்க. எச்சில் வந்தா லேப் திருப்பி அனுப்பிடும்.

ஜெலுத்தோங் மகள்:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. அட்டை இன்னும் சாமி மேடைக்குக் கீழ டிராயர்ல இருக்கு. நாளைக்கு எடுத்துட்டுப் போறேன். இன்னொரு சந்தேகம், கிளாவுலானிக் சேர்த்த மாத்திரை இதைவிட பலமானதுன்னு மாமா சொல்றார். அதைக் கேட்கலாமா?

செந்தூல் லேப்காரர்:

வேண்டாம்மா. கிளாவுலானிக் ஒரு நொதியை அடக்கத்தான். சில கிருமி அந்த நொதியால பெனிசிலினை வெட்டிப் போடும். நிமோகாக்கஸ் அதைச் செய்யறதில்ல. பெனிசிலின் ஒட்டற புரதத்தையே கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்குது. அதனால இந்தக் கிருமிக்கு அது கூடுதலா ஒண்ணும் செய்யாது, வயித்தைத்தான் கலக்கும். மாமாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

அப்பா டிஸ்சார்ஜ் ஆனதும் ரிப்போர்ட் நகலைக் கிளினிக் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. அவர் கொடுத்த மாத்திரை ஏன் கேட்கலைன்னு அவருக்கு வேற யாரும் சொல்லப் போறதில்ல.

ஜெலுத்தோங் மகள்:

காட்டறேன் ஐயா. இன்னைக்குக் காய்ச்சல் 37.4. அப்பா கஞ்சி குடிச்சார்.