உட்கரு இல்லாத சிவப்பணு எப்படி 120 நாட்கள் வாழ்கிறது?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு மாணவி

வணக்கம். செல்லின் செயல்கள் அனைத்தையும் உட்கருவே கட்டுப்படுத்துகிறது என்று ஒரு பாடத்தில் படித்தேன். மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும், ஆற்றலை உண்டாக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை என்று வேறொரு பாடத்தில் படித்தேன். ஆயினும் அது ஏறத்தாழ 120 நாட்கள் உடலைச் சுற்றி வருகிறது. இவை இரண்டும் இல்லாமல் அது எப்படி உயிரோடிருக்கிறது? அதைச் செல் என்று அழைப்பது சரிதானா?

பதில் 1: விலங்கியல் ஆசிரியர்

'கட்டுப்படுத்துகிறது' என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது; பாடநூல்கள் அச்சொல்லை இன்னும் கவனமாகக் கையாளலாம் என்பது என் நெடுநாளைய மனக்குறை. உட்கரு நொடிக்கு நொடி ஆணையிடும் அதிகாரி அன்று. புரதங்களைச் செய்வதற்கான குறிப்பு அங்கே இருக்கிறது. அக்குறிப்பைப் படியெடுத்து ரைபோசோம்கள் ஒரு புரதத்தைச் செய்து முடித்துவிட்டால், அது சிதையும்வரை உட்கருவின் துணையின்றியே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

எலும்பு மஜ்ஜையில் வளரும்போது சிவப்பணுவுக்கும் உட்கரு உண்டு. ஹீமோகுளோபின் பெருமளவு சேர்ந்த பிறகு அந்த உட்கரு வெளியே தள்ளப்பட, அருகிலிருக்கும் பெருவிழுங்கணு (கழிவுகளை விழுங்கிச் செரிக்கும் செல்) அதை விழுங்கிவிடுகிறது. அக்குறிப்பின் படிகளாக எஞ்சிய ஆர்.என்.ஏ.வைக் கொண்டு இளம் சிவப்பணு மேலும் ஓரிரு நாட்கள் ஹீமோகுளோபினைச் செய்துகொள்கிறது. பிறகு ரைபோசோம்களும் மைட்டோகாண்ட்ரியாவும் மறைந்துவிடுகின்றன. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்ட வழிப்போக்கனைப் போல, புறப்படும்போது கையிலிருந்ததை வைத்தே அது காலம் தள்ளுகிறது.

செல் என்று அழைப்பதில் தவறில்லை. அதற்குச் சவ்வு உண்டு, வளர்சிதை மாற்றம் உண்டு. பகுப்படையும் திறன் மட்டும் இல்லை. தவளையின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுவின் நடுவே உட்கரு தெளிவாகத் தெரியும். பறவைகளிலும் அப்படியே. முதிரும்போது அதை இழப்பது பாலூட்டிகளின் வழக்கம்.

பதில் 2: ஆய்வக நுட்புநர்

ஆசிரியர் சொன்ன கட்டுச்சோறு புரதங்களுக்குப் பொருந்தும், ஆற்றலுக்குப் பொருந்தாது. ஆற்றலுக்கு வேண்டிய குளுக்கோஸைச் சிவப்பணு வழியிலேயே இரத்த பிளாஸ்மாவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதைச் சைட்டோபிளாசத்தில் ஆக்சிஜன் இன்றிச் சிதைத்து, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு நிகரமாக 2 ஏ.டி.பி. (செல் ஆற்றலுக்குச் செலவிடும் மூலக்கூறு) பெறுகிறது, எஞ்சுவது லாக்டிக் அமிலம். சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் செல், தன் ஆற்றலுக்காக அதில் சிறிதும் எடுத்துக்கொள்வதில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். கிடைக்கும் ஏ.டி.பி.யில் ஒரு பகுதி சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுப்பதற்குச் செலவாகிறது. அவ்வேலை நின்றால் நீர் புகுந்து செல் உப்பிவிடும். இரத்த வங்கிப் பைகளில் உள்ள கரைசலில் குளுக்கோஸ் சேர்க்கப்படுவதும் இச்செல்களுக்கு உணவாகத்தான்.

பழுதான புரதத்துக்கு மாற்றுச் செய்துகொள்ள முடியாததே அதன் ஆயுளுக்கு எல்லை வகுக்கிறது. சுமார் 7 முதல் 8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இச்செல், மண்ணீரலில் தன்னைவிட மிகக் குறுகிய பிளவுகளில் நெளிந்து நுழைய வேண்டும். நாளாக நாளாகச் சவ்வு விறைத்துப்போவதால், முதிர்ந்தவை அங்கே சிக்கிப் பெருவிழுங்கணுக்களுக்கு இரையாகின்றன. அவற்றின் இரும்பு புதிய சிவப்பணுக்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஹீமோகுளோபினில் அந்த இரும்பைத் தாங்கியிருந்த ஹீமின் மீதிப் பகுதி பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியாக மாறுகிறது.

மாணவி

இருவருக்கும் நன்றி. சர்க்கரை நோயாளிகளுக்கு எடுக்கும் 'மூன்று மாதச் சராசரி'ப் பரிசோதனைக்கும் இந்த 120 நாட்களுக்கும் தொடர்பு உண்டா, ஐயா?

ஆய்வக நுட்புநர்

உண்டு. இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் ஹீமோகுளோபினுடன் மெல்ல ஒட்டிக்கொள்கிறது. அந்தச் செல் அழியும்வரை பெரும்பாலும் அது விலகுவதில்லை. இப்படிக் குளுக்கோஸ் ஒட்டிய ஹீமோகுளோபினையே அப்பரிசோதனை அளக்கிறது; எனவே எச்.பி.ஏ.1.சி. எனப்படும் அந்த அளவு கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் போக்கைக் காட்டுகிறது. ஆனால் சிவப்பணுக்கள் விரைவில் அழியும் இரத்தச் சோகை உள்ளவர்களுக்கு, குளுக்கோஸ் ஒட்டுவதற்குப் போதிய காலம் கிடைக்காததால், சர்க்கரை மிகுந்திருந்தாலும் இந்த அளவு குறைவாகவே வரக்கூடும். அத்தகையவர்களின் முடிவை மருத்துவர் வேறு பரிசோதனைகளோடு ஒப்பிட்டே பார்ப்பார்.