ஃபேமிகாம் கேம்களில் இன்றும் அலுக்காதது எது, ஏமாற்றியது எது?

எட்டுபிட்_சேலம் கேட்டது:

வணக்கம். பழைய டிவி கேம் செட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்ற அதே வகைதான். நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். இரண்டு ஜாய்ஸ்டிக்கும் வேலை செய்கிறது, கன் ஒன்றும் இருக்கிறது. கேசட்டுகள் ஒரு பை நிறைய. அதில் பாதி '9999 இன் 1' ரகம், அதாவது கொஞ்சம் கேம்களையே பெயரையும் ஆரம்ப ஸ்டேஜையும் மாற்றி மாற்றி அடுக்கியவை.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவளோடு உட்கார்ந்து ஆடத்தான் இதைத் தூசி தட்டினேன். பழைய பாசத்தில் நான் ரசிக்கிற கேம் வேறு, முதல் தடவை பார்க்கிற பிள்ளையை எழுந்து போகவிடாத கேம் வேறு. உங்களுக்குப் பிடித்தது எது, ஏமாற்றியது எது, ஏன்? அந்த 'ஏன்'தான் எனக்கு முக்கியம்.

என் பங்குக்கு நானும் சொல்கிறேன். ரோட் ஃபைட்டர் இன்னும் அலுக்கவில்லை. பக்கத்து வண்டி உரசி நம் கார் வழுக்கும்போது சட்டென்று எதிர்ப்பக்கம் ஒடித்து நிமிர்த்த வேண்டும், அந்த அரை நொடிக்காகவே விளையாடலாம். மோதாமல் நெடுந்தூரம் போனால் ஓரமாக ஒருவர் பறந்து போவாரே, கேமைச் செய்த கொனாமி கம்பெனியின் அந்த கொனாமி மேனைப் பார்த்து மகள் போட்ட சத்தத்தில் பாட்டி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

ஏமாற்றியது அர்பன் சாம்பியன். தெருவில் இரண்டு பேர் குத்திக்கொள்கிறார்கள், மேலே ஜன்னலிலிருந்து பூந்தொட்டி விழுகிறது, போலீஸ் கார் வருகிறது, கடைசியில் ஒருவன் சாக்கடைக் குழிக்குள் போகிறான். முதல் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் அதில் புதிதாக எதுவுமே இல்லை.

கேசட்பெட்டி எழுதியது:

சேலம் நண்பருக்கு வணக்கம். நல்ல கேள்வி. நான் இந்த கேசட்டுகளை விடாமல் சேர்த்து வருகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு ஒரே அளவுகோல்தான். செத்தால் ஏன் செத்தோம் என்று ஆடுகிறவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் பிள்ளைகள் மறுபடியும் ஸ்டார்ட் அழுத்துவார்கள், தெரியாவிட்டால் ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கலர், பாட்டு, கதை எல்லாம் எனக்கு அப்புறம்தான்.

அந்தக் கணக்கில் எனக்கு முதலிடம் பேட்டில் சிட்டி, நம்மூரில் எல்லோரும் டாங்க் கேம் என்று சொன்னோமே அதுதான். 1985-இல் நாம்கோ வெளியிட்டது. ஸ்டேஜுக்கு 20 எதிரி டாங்குகள், இன்னும் எத்தனை பாக்கி என்று வலது ஓரத்தில் குட்டிப் படங்களாகத் தெரியும். அதில் 4, 11, 18-ஆவதாக வருகிற டாங்குகள் மின்னிக்கொண்டு வரும், அவற்றைச் சுட்டால்தான் பவர் கிடைக்கும். இதைத் தெரிந்து ஆடினால் கேமே வேறு. மூன்றாவது டாங்கை முடித்த கையோடு நடுப்பக்கம் வந்து காத்திருப்பீர்கள். நட்சத்திரம் ஒன்று எடுத்தால் குண்டு வேகமாகப் போகும், இரண்டாவதில் அடுத்தடுத்து இரண்டு குண்டு, மூன்றாவதில் இரும்புச் சுவரே உடையும். மண்வெட்டி எடுத்தால், கீழே நாம் காக்க வேண்டிய கழுகைச் சுற்றியிருக்கும் செங்கல் கொஞ்ச நேரத்துக்கு இரும்பாக மாறும்.

இரண்டு பேர் ஆடும்போதுதான் இதன் அருமை முழுசாகத் தெரியும். கூட்டாளி மேல் நம் குண்டு பட்டால் அவர் சாகமாட்டார், ஆனால் கொஞ்ச நேரம் நகர முடியாமல் அப்படியே நிற்பார். அந்த நேரம் பார்த்து எதிரி டாங்க் கீழே இறங்கும். நம் குண்டே நம் கழுகைச் சாய்த்துவிடவும் வாய்ப்பு உண்டு. ஆகவே யார் இடது பக்கம், யார் வலது பக்கம் என்று பேசி வைத்துக்கொள்ளாமல் முடியாது. அப்பாவும் மகளும் ஆட இதைவிட நல்ல கேம் இந்த மெஷினில் இல்லை என்பது என் கட்சி. முதல் திரையில் 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று மூன்றாவதாக இருப்பதையும் காட்டுங்கள். அவளே சுவர், தண்ணீர், காடு எல்லாம் வைத்து மைதானம் கட்டட்டும். செட்டை அணைத்தால் அழிந்துவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகைதான்.

மாரியோவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் வியப்பு அந்தத் தாவல்தான். பட்டனைத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் உயரமான தாவல், காற்றில் இருக்கும்போதே திசையையும் மாற்றலாம். முதல் ஸ்டேஜில் முதல் காளான் வெளியே வந்து வலப்பக்கம் போய், குழாயில் முட்டி, நம்மை நோக்கியே திரும்பி வரும். ஓடிவிட நினைக்கிற பிள்ளையும் அதை எடுத்துவிடும்; எடுத்தால் பெரிதாகிறோம் என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். மொத்த கேமும் 40 கேபி. மேகமும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. மகளிடம் சொல்லாமல் விட்டுப் பாருங்கள், அவளே கண்டுபிடிக்கிறாளா என்று.

ஏமாற்றியதில் என் மனதை ரொம்ப நோகடித்தது டபுள் டிராகன். காசு போட்டு ஆடும் ஆர்கேட் மெஷினில் அண்ணன் தம்பி இருவரும் தோளோடு தோள் நின்று அடிப்பதுதான் அந்த கேமின் உயிரே. இந்த மெஷினுக்கு 1988-இல் வந்தபோது அதையே எடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் என்று போட்டாலும் ஒருவர் செத்த பிறகுதான் இன்னொருவர் முறை. அதற்கு மேல், வில்லனை வீழ்த்தியதும் கடைசி எதிரியாகச் சகோதரன் ஜிம்மியே வந்து நிற்கிறான். தனியாக ஆடுகிறவருக்கு நல்ல சண்டை கேம்தான், மறுக்கவில்லை. ஆனால் சகோதரனோடு ஆட ஆசைப்பட்டுக் காசு சேர்த்து வாங்குகிற பிள்ளைக்கு அது பெரிய அநியாயம். 1989-இல் வந்த இரண்டாம் பாகத்தில் சேர்ந்து ஆடலாம். உங்கள் பையில் இருந்தால் அதைப் போடுங்கள்.

இன்னொன்று டிரான்ஸ்ஃபார்மர்ஸ், 1986. ஆரம்பித்த சில நொடியிலேயே கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குண்டு பட்டு உயிர் போகும். ஒரு அடி பட்டாலே சாவு. எங்கிருந்து வந்தது என்று புரிவதற்குள் மூன்று உயிரும் தீர்ந்திருக்கும். என் அளவுகோலுக்கு நேர் எதிர் இது.

அப்புறம் 'சூப்பர் மாரியோ 14' என்று ஒன்று இருக்கும், உஷார். அது மாரியோவே இல்லை. 'கைகெட்சு யாஞ்சாமாரு 3' என்ற ஜப்பானிய கேமில் நாயகன் தலையை மட்டும் மாற்றி விற்றது. அசல் கேம் மோசமில்லை, அந்தப் பெயரோடு ஆடினால் ரசிக்கலாம். மாரியோ என்று நம்பிப் போட்ட பிள்ளைக்குத்தான் மனசு உடையும்.

திருச்சி_ஜாய்ஸ்டிக் எழுதியது:

கேசட்பெட்டி அண்ணா சொன்ன டாங்க் கேமுக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் அந்த அளவுகோலை மட்டும் வைத்தால் சில நல்ல கேம்களும் அடிபட்டுவிடும். நிஞ்ஜா கெய்டனை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி எதிரிகளிடம் தோற்றால் ஆறாவது ஆக்டின் ஆரம்பத்துக்கே தூக்கிப் போடும். நியாயமே இல்லை, ஆனால் சுவரைப் பிடித்துத் தாவித் தாவி மேலே போகிற அந்த வேகத்துக்காக நான் அதை விடவே மாட்டேன். ஒன்பது வயதுக்கு வேண்டாம், அது சரி.

எனக்குப் பிடித்தது கான்ட்ரா. 1988-இல் வந்த ஃபேமிகாம் கேசட்டில் தென்னை மாதிரி மரங்கள் காற்றில் ஆடும், பனி ஸ்டேஜில் பனி வீசும். இதே மெஷினை அமெரிக்காவில் என்இஎஸ் என்று விற்றார்கள், அந்த கேசட்டில் இவை இல்லை. கொனாமி தன் கேசட்டுக்குள் தனியாக ஒரு சிப் வைத்ததால் வந்த வித்தியாசம் அது. அருவி ஸ்டேஜில் மட்டும் மகளிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் மேலே ஏற ஏறத் திரையும் மேலே போகும், கீழே நின்றவர் அப்படியே சாவார். வேகமாக ஏறுகிறவர் காத்திருந்தே ஆக வேண்டும். 30 உயிர் வேண்டுமானால் அழுத்த வேண்டிய வரிசை: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. இந்த வரிசையைத் தந்த கசுஹிசா ஹஷிமோட்டோ 2020-இல் காலமானார். கிராடியஸ் கேமை இந்த மெஷினுக்கு மாற்றும்போது சோதித்துப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறதென்று அவர் வைத்துக்கொண்ட குறுக்கு வழிதான் இது.

அதே பெயரில் 1992-இல் அமெரிக்காவில் வந்த கான்ட்ரா ஃபோர்ஸ்தான் என் ஏமாற்றம். முதலில் 'ஆர்க் ஹவுண்ட்' என்று தனி கேமாகத்தான் செய்தார்கள், ஜப்பானில் வெளிவரவே இல்லை. பெயரை மாற்றிவிட்டதால் கான்ட்ரா ஆகிவிடுமா? நாலு எதிரி சேர்ந்து வந்தாலே திரை ஊர்கிறது. சண்டை கேமில் கை முந்திக்கொண்டு திரை பின்தங்கினால் ஆடவே முடியாது.

இன்னொரு விஷயம். நம் நகல் செட்டுகள் நம்மூர் டிவி முறையான PAL-க்காக நொடிக்கு 50 படம் ஓட்டுபவை. ஜப்பானிய அசல் 60. நாம் சின்ன வயதில் ஆடிய மாரியோவும் கான்ட்ராவும் அசலைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவானவை, பாட்டும் அப்படித்தான். அசல் வேகத்தில் முதலில் கேட்டபோது எனக்கு யாரோ அவசரமாக வாசிப்பது போல இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உங்கள் செட்டின் வேகமே நல்லது, குறையாக நினைக்க வேண்டாம்.

எட்டுபிட்_சேலம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பையைக் கொட்டிப் பார்த்தேன். டபுள் டிராகன் 2 இருக்கிறது, மாரியோ 14-ம் இருக்கிறது! அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். இன்று சாயங்காலம் டாங்க் கேமில் அவள் கழுகைச் சுற்றி மூன்று வரிசை இரும்பு கட்டிவிட்டாள், நான் உள்ளேயே போக முடியவில்லை.

ஒரு சந்தேகம். கன்னை வைத்து வாத்து சுடும் கேம் போட்டேன், எத்தனை சுட்டாலும் ஒன்றுகூட விழவில்லை. கன் போய்விட்டதா? டிவி எல்இடி.

கேசட்பெட்டி எழுதியது:

கன்னைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நன்றாகவே இருக்கலாம். டிரிக்கரை இழுத்ததும் திரை கண நேரம் கருப்பாகும், அடுத்து வாத்து இருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். கன் உள்ளே இருக்கிற சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் 'பட்டது' என்று கணக்கு. இது பழைய பெட்டி டிவியின் வெளிச்சத்தையும் வேகத்தையும் வைத்துச் செய்தது. எல்இடி டிவி படத்தைக் கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டும், அதற்குள் கன் பார்த்து முடித்துவிடும். எனவே எத்தனை சுட்டாலும் விழாது.

தெரிந்த டிவி மெக்கானிக் யாராவது இருந்தால் பழைய பெட்டி டிவி ஒன்றுக்குச் சொல்லி வையுங்கள். 14 இன்ச் போதும். கிடைத்தால் ஒரு வாத்து மட்டும் வருகிற மோடில் போட்டு, கன்னை அவளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் ஜாய்ஸ்டிக்கை எடுங்கள். அதை அசைத்தால் வாத்து நீங்கள் சொன்ன பக்கம் பறக்கும்.