சுவா சூ காங்கில் பதினைந்து வருடம்: அடக்கம் செய்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உட்லண்ட்ஸ் தம்பி

அனைவருக்கும் சலாம், வணக்கம். போன மாதம் என்னோடு வேலை பார்ப்பவரின் அம்மாவை சுவா சூ காங் இடுகாட்டில் அடக்கிவிட்டு வரும்போது, "சுற்றிச் சின்னதாக மார்பிள் கட்டிவிடலாம், பேரப்பிள்ளைகள் பெரிதானதும் வந்து பார்ப்பார்கள்" என்று வேனில் சொல்லிக்கொண்டே வந்தார். பதினைந்து வருட விதி அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

சிங்கப்பூரில் இப்போது புதிதாக அடக்கம் செய்ய இடம் தருவது சுவா சூ காங் ஒன்றுதான். 1998 நவம்பரிலிருந்து ஒரு கபுருக்கு (கல்லறைக்கு) 15 வருடம். அதற்குப் பிறகு தோண்டி எடுப்பார்கள். எரிக்க அனுமதிக்கும் மதத்தவர் என்றால் எலும்புகளைத் தகனம் செய்து சாம்பலைக் கொடுத்துவிடுவார்கள். எங்களைப் போன்ற முஸ்லிம்களுக்கு அதே இடத்தில் சின்னக் குழியில் மறு அடக்கம், ஒரு குழியில் எட்டுப் பேர் வரை.

என் அத்தா (அப்பா) 2004-ல் மவுத்தானார்கள் (இறந்தார்கள்). அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கே போட்டேன். யாராவது விதியைச் சொல்லியிருக்கலாம், என் காதில் எதுவும் ஏறவில்லை. 2023-ல் பெரியப்பா மகன் நாளிதழில் தோண்டி எடுக்கும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போன் செய்தான், "சித்தப்பா இருக்கிற வரிசையும் வருதுடா" என்று. வீட்டில் கபுர் எண் இருந்த தாளைத் தேடினோம், இல்லை. தோ பாயோவிலிருந்து வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. அம்மாதான் ஒவ்வொரு பெருநாளும் போய் வந்த பழக்கத்தில் எண்ணை மனதில் வைத்திருந்தார்கள். அதை வைத்துப் பதிவு செய்தோம்.

தோண்டும் நாள் காலை போனபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மீசான் கல்லை (கபுரின் அடையாளக் கல்லை) முதலில் எடுத்து ஓரமாக வைத்தார்கள். மண் மஞ்சளும் சிவப்புமாக, களிமண், மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விழவே இல்லை. ஓர் ஆழத்துக்குப் பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால்தான் எடுத்தார்கள், அதை நான் மறக்கமாட்டேன். வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றாக வைத்துச் சுற்றி என்னிடம் கொடுத்தார்கள். அத்தா நல்ல உயரம், கனத்த உடம்பு. என் மகன் பிறந்த அன்று அவனைத் தூக்கிய கனம்கூட அந்தத் துணியில் இல்லை. புதுக் குழி வரை நான்தான் ஏந்திப் போனேன்.

இதற்கு எங்களிடம் ஒரு வெள்ளியும் வாங்கவில்லை. முதல் அடக்கத்துக்குத்தான் கட்டணம்: முஸ்லிம்களுக்குப் பெரியவர் என்றால் 315 வெள்ளி, குழந்தைக்கு 140. 2007-க்குப் பிறகு வந்த கபுர்களில் நான்கு பக்கமும் கான்கிரீட் சுவர் இருக்கும், அடியில் மட்டும் மண். உடம்பு மண்ணில்தான் இருக்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மற்றவர்களும் எழுதுங்கள். கட்டணம் எவ்வளவு, யார் என்ன கேட்டார்கள், எதில் இடறினீர்கள், எல்லாம்.

ஜூரோங் வெஸ்ட்காரர்

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பாவை அடக்கம்தான் செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம், அவருடைய அப்பா பிடாடரி இடுகாட்டில் அடக்கமானவர். பிடாடரியையும் 2000-களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தார்கள், இப்போது அங்கே வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகள். அதை நேரில் பார்த்த பிறகும் அப்பா மண்ணுக்குத்தான் போகவேண்டும் என்றார், நாங்களும் மறுக்கவில்லை.

நான் சொல்ல வந்தது பணம் பற்றி. இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர் ஒருவர் எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொன்னார், பெட்டி, வண்டி, கூடாரம், பூ, அப்புறம் "அரசாங்கக் கட்டணம்" என்று ஒரு வரி. இரவு இரண்டு மணிக்கு, அப்பா உள்ளே கிடக்கும்போது, யார் அதை எதிர்த்துக் கேட்பார்கள்? சரி என்று தலையாட்டினேன். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த பிறகு என் தங்கை இடுகாட்டை நடத்தும் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையப் பக்கத்தில் பார்த்தால், இந்து, கிறிஸ்தவ, சீனப் பிரிவுகளுக்குப் பெரியவருக்கு 940 வெள்ளி, அவ்வளவுதான். எங்களிடம் அந்த வரியில் வாங்கியது அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். ரசீதைக் காட்டச் சொல்லிக் கேட்டோம். குழி வேலை, ஆள் கூலி எல்லாம் அதில் சேர்த்தி என்றார். அப்படியானால் அதைத் தனியாக எழுதியிருக்க வேண்டும் அல்லவா? எனக்கு அந்தப் பணம் பெரிதில்லை, அப்பா பெயரைச் சொல்லி வாங்கியதுதான் இன்றும் ஆறவில்லை. வாரியத்தின் ரசீதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. வரிசையில் அடுத்தது எதுவோ அதுதான். அம்மா "எனக்கும் பக்கத்தில் ஒன்று எடுத்து வை" என்றார், முன்பதிவே கிடையாது என்று சொல்லவேண்டியதாகிவிட்டது. அம்மா அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

தெம்பனிஸ் அக்கா

இதை இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 2011 ஆகஸ்டில் எங்கள் முதல் பிள்ளை பதினோரு நாள் இருந்துவிட்டுப் போனாள். மாமியார் வீடு தஞ்சாவூர்ப் பக்கம். பச்சைக் குழந்தையை எரிக்கக் கூடாது, மண்ணுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று ஊரிலிருந்து போனில் சொன்னார்கள், என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் மட்டும் போனார்கள். என்னை அழைத்துப் போகவில்லை. எங்கள் பிரிவில் குழந்தைக்கு 420 வெள்ளி. பத்து வயதுக்குள் எல்லாம் குழந்தைக் கணக்குதான்.

பதினைந்து வருடம் என்பது எனக்கு நான்கு வருடம் முன்புதான் தெரியும், அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை. அவர் மேல் கோபமில்லை. ஆனால் எடுத்த பிறகு என்ன செய்வார்கள், எரித்துத்தான் தருவார்களா? அவ்வளவு சின்ன உடம்பில் எதுவும் மிஞ்சியிருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டாய்ப் பக்கத்து வீட்டுக்காரன்

அக்கா, உங்கள் கேள்விக்குத் தம்பி பதில் சொல்வார், அவர் நேரில் பார்த்தவர். நான் எங்கள் அம்மா விஷயத்தைச் சொல்கிறேன், சாம்பல் பற்றி உங்களுக்கும் உதவலாம்.

அம்மாவை மண்டாய் தகனச் சாலையில் தகனம் செய்தோம். அங்கே கட்டணம் பெரியவருக்கு 100 வெள்ளி, குழந்தைக்கு 50. இறப்பைப் பதிய நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை, 2022 மே மாதத்திலிருந்து மருத்துவர் சான்று கொடுத்ததுமே தானாகப் பதிவாகிவிடுகிறது, சான்றிதழை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் 30 நாளுக்குள் இறக்கிவிடுங்கள், நாங்கள் இருபத்தெட்டாம் நாள் ஞாபகம் வந்து ஓடினோம். மண்டபத்தில் காரியம் முடிந்ததும் பார்வைக் கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி ஆளில்லாத வண்டியில் தானாக நகர்ந்து வந்து திரும்பி உள்ளே போனது. சத்தமே இல்லை. கொள்ளி வைக்கத் தயாராக வந்த சித்தப்பா கையை என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டபடியே நின்றார்.

மறுநாள் சாம்பலை வாங்கினோம். அஸ்தி மாடத்தில் வைத்தால் ஒருவருக்கான மாடம் 500, குடும்ப மாடம் 900 வெள்ளி, இந்த இடம்தான் வேண்டும் என்று கேட்டால் மேலும் 250. சுவா சூ காங்கில் சாம்பல் தூவுவதற்கென்றே 2021-ல் திறந்த தோட்டம் இருக்கிறது, 320 வெள்ளி. ஆனால் அங்கே ஊதுவத்தி, விளக்கு, படையல் எதுவும் கூடாது, பெயர்ப்பலகையும் கிடையாது. எங்களுக்கு அது மனதுக்கு ஒட்டவில்லை. படகு பிடித்துக் கடலில்தான் கரைத்தோம். புலாவ் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டரில் அதற்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், காலை 7 முதல் மாலை 7 வரை. படகுக்காரரே இஞ்சினை நிறுத்திவிட்டு எங்களோடு எழுந்து நின்றார். அவர் சீனர், வயதானவர், யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை.

உட்லண்ட்ஸ் தம்பி

அக்கா, எங்கள் வரிசையில் இரண்டு கபுர் தள்ளி ஒரு குழந்தையுடையது இருந்தது, வயதான ஒரு தம்பதி எங்கள் மாதிரியே காத்து நின்றார்கள். எதுவும் இருக்காது என்று நினைத்துத்தான் வந்தோம் என்றார் அந்த அம்மா. தோண்டியவர் மண்ணைக் கைநிறைய அள்ளி அள்ளி விரலால் உடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவசரப்படவே இல்லை. கொஞ்சம் கிடைத்தது. அதோடு அந்த இடத்து மண்ணையும் சேர்த்துத் துணியில் வைத்துக் கொடுத்தார்கள்.

உங்கள் பிரிவில் எடுத்த பிறகு தகனம் செய்துதான் சாம்பலைத் தருவார்கள், மாடத்தில் வைப்பதா கடலில் கரைப்பதா என்பது உங்கள் முடிவு. பதினைந்து முடிந்த அன்றே தோண்டிவிட மாட்டார்கள், பகுதி பகுதியாகத்தான் எடுக்கிறார்கள், எங்களுக்குப் பத்தொன்பதாவது வருடம் வந்தது. அறிவிப்பு வரும்போது உங்கள் வீட்டுக்காரர் பெயரில் மட்டும் இல்லாமல் உங்கள் பெயரையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன்னாலேயே அவரிடம் எண்ணை வாங்கி ஒருநாள் போய்ப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம். அம்மாவும் நானும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தாவிடம் போகிறோம், காரில் இடம் இருக்கிறது.

தெம்பனிஸ் அக்கா

வருகிறேன் தம்பி. எண் கிடைத்துவிட்டது, அவருடைய பர்ஸிலேயே மடித்து வைத்திருக்கிறார்.