புதுப்பிப்பு: எல்டன் ரிங் வீடியோ கேமில் ஆயுதம் ஏற்றும் கல் தீர்ந்த பிரச்சினை

போன கிழமை எழுதியிருந்தேன், நான்கு வாள்களைக் கல் போட்டு ஏற்றியும் ஒன்றுகூட +4ஆம் படியைத் தாண்டவில்லை என்று. கல்லடியில் மச்சான் வீட்டில் இருந்து கணக்குப் பார்த்தோம். முதல் மூன்று படிக்கு 2, 4, 6 என ஒரு வாளுக்கு 12 கல். நான்குக்கும் 48!

நேற்றுப் பின்னேரம் கேமில் ராயா லுகாரியா கிரிஸ்டல் டனல் என்ற சுரங்கத்துக்குப் போனேன். அங்குள்ள கிரிஸ்டலியன் என்ற பளிங்கு உடம்பு எதிரியை வாளால் வெட்டினால் கீறல்தான் விழும். கனத்த சுத்தியலால் நிலைகுலைய அடித்தால் உடம்பில் வெடிப்பு விழுந்து, அப்புறம் அடி நன்றாக இறங்கும். அதைக் கொன்றதும் கிடைத்த பெல் பேரிங்கை (கடையில் புதுச் சரக்கைத் திறக்கும் பொருள்) ரவுண்டேபிள் ஹோல்ட் என்ற தங்குமிடத்தில் கடை வைத்திருக்கும் இரட்டைக் கன்னியரிடம் கொடுத்தேன். முதல் இரண்டு தரக் கற்களும் இப்போது ரூன் (கேமின் பணம்) கொடுத்து வாங்கலாம். இந்த முறை ஏற்றியது ஒரே வாள்தான், +6 ஆகிவிட்டது.

சோம்பர் ஆயுதம் (தனி வகைக் கல்லால் ஏறும் சிறப்பு ஆயுதம்) வைத்திருப்பவர்களுக்குப் படிக்கு ஒரு கல் போதும், உச்சம் +10.