1940-ஆம் ஆண்டின் ஸ்பானியப் பாடல் பதிவுகளில் இரைச்சலை நீக்கலாமா?

கேள்வி:
வணக்கம். நான் ஸ்பானிய மொழி கற்பிக்கிறேன். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஹுவான் பவுத்திஸ்தா ராயேல் 1940-இல் வடக்கு நியூ மெக்சிகோவிலும் தெற்குக் கொலராடோவிலும் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்த நாட்டார் பாடல்களை, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் ஒரு மாதமாகக் கேட்டு வருகிறேன். அவற்றுள் அலபாதோ எனப்படும் பக்திப் பாடல்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆனால் இசைத்தட்டின் இரைச்சலில் சொற்கள் அமிழ்ந்துபோகின்றன. பல சரணங்கள் கொண்ட பாடல்கள்கூடச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. இரைச்சலை மென்பொருளால் அகற்றி, இடையில் பேச்சு வந்தால் அதையும் வெட்டிவிட்டு மாணவர்களுக்குக் கொடுக்கலாமா?

முதல் பதில்:
பாடலின் நீளத்தைத் தீர்மானித்தது பாடகர் அல்லர், இசைத்தட்டு. அன்றைய தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே அடங்கும். அலபாதோவோ புனித வாரத்திலும் இறந்தவர் வீட்டு இரவுக் கண்விழிப்பிலும் அவசரமே இல்லாமல் பாடப்படுவது. ராயேல் 1951-இல் வெளியிட்ட அலபாதோ நூலில் பாடல்களின் சொற்கள் உள்ளன. விடுபட்ட சரணங்களை அங்கே தேடிப் பாருங்கள்.

இரைச்சலை நீக்குவதில் மிகுந்த கவனம் வேண்டும். சரணங்களுக்கு இடையே பித்தோ என்ற சிறு குழலை ஊதும் மரபு உண்டு. குரலோடு ஒட்டாமல், அழுகைபோல் தனியே நெளிந்து செல்லும் அந்த உச்ச ஒலியும் தட்டின் சீறலும் ஏறத்தாழ ஒரே அதிர்வெண் எல்லையில் இருப்பதால், மென்பொருள் இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடக்கூடும். மூலக் கோப்பில் கை வைக்காமல், நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இரண்டாம் பதில்:
பேச்சைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். அப்பகுதித் திருமணங்களில் பாடப்படும் ‘எந்த்ரியேகா’வை எடுத்துக்கொள்ளுங்கள். மணமக்களையும் அவர்களின் ஞானப் பெற்றோரையும் முன்னால் நிறுத்தி, அந்தக் குடும்பத்துக்கு ஏற்றவாறு பாடகர் அடிகளைக் கட்டிப் பாடுவார். யாருடைய திருமணம், யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியாவிட்டால் அந்த அடிகளில் பாதி விளங்காது. ராயேல் பிறந்த ஊரான அர்ரோயோ ஓந்தோவும் அவர் பதிவு செய்த இடங்களுள் ஒன்று. ஊர்ப்பிள்ளையிடம் பேசும்போது பெரியவர்களின் நாவில் வரும் பழைய ஸ்பானியம் வகுப்புக்குக் கிடைத்தற்கரிய பாடம் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் பதில்:
ஒப்பிட்டுக் கேட்க, அமெரிக்க நாட்டார் இசைச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1952-லும் அடுத்த ஆண்டிலும் ஸ்பெயினில் செய்த பதிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருந்தது ஒலிநாடாக் கருவி என்பதால் தட்டின் நெருக்கடி அங்கே இல்லை.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. பித்தோவைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. நேற்றிரவு சுத்தப்படுத்திய நகல்களை நீக்கிவிட்டேன். மாணவர்களுக்கு முதலில் மூலப் பதிவைப் போட்டுக் காட்டி, பாடலோடு பேச்சையும் எழுத்தில் பெயர்த்துக் கையில் கொடுப்பேன். எந்த்ரியேகாவிலிருந்து தொடங்குகிறேன்.