ஆஸ்பத்திரியில் டாக்டரைத் தவிர வேற யாரைப் பார்த்தீங்க? சொல்லுங்க

ராயபுரம் அம்மா:
பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிட்டா. பயாலஜி குரூப். டாக்டர் சீட்டு கிடைக்கிற மார்க் இல்ல, அவளுக்கு அதுல பெரிய ஆசையும் இல்ல. ஆனா ஆஸ்பத்திரி வேலைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. விண்ணப்பத்தைத் தொறந்தா முழ நீளத்துக்குப் படிப்புப் பேரு, பாதி என்ன வேலைன்னே புரியல. சம்பளம், காலேஜ் எல்லாம் கேட்டா ஆளுக்கு ஆள் சொல்றாங்க. அந்த வேலைக்குப் போறவங்க காலைல போய் என்னதான் பண்றாங்கன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. உங்க வீட்டுல யாருக்காவது உடம்பு முடியாம இருந்தப்ப பார்த்ததை எழுதுங்க. நீங்களே அந்த வேலைல இருந்தா இன்னும் நல்லது.

காசிமேட்டு மச்சான்:
நான் கையில இருந்து ஆரம்பிக்கிறேன். என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஏலக்கூடத்துல மீன் வெட்டுற கத்தி உள்ளங்கையில எறங்கிடுச்சு. ரெண்டு விரல் மடங்கவே இல்ல. ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்க கைக்குன்னே தனியா ஒரு பிரிவு இருக்கு, டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-ல ஆரம்பிச்சது. நாம நரம்புன்னு சொல்றோமே, விரலை இழுத்து மடக்குற அந்த நாண் ரெண்டா அறுந்திருந்துச்சு. தைச்சாங்க.

தைச்ச டாக்டரை அப்புறம் ரவுண்ட்ஸ்ல பார்த்ததோட சரி. அதுக்கப்புறம் எங்களுக்கு எல்லாமே தெரபிஸ்ட் மேடம்தான். ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நியில போட்டாங்க. அது ஊறின அப்பளம் மாதிரி தொளதொளன்னு ஆச்சு. எடுத்துத் துடைச்சு, கையோட முதுகுப் பக்கம் வச்சு, மணிக்கட்டையும் விரலையும் கொஞ்சம் மடக்கின வாக்குல பிடிச்சுக்கிட்டாங்க. ஆறுனதும் அவர் கைக்குன்னே அளவெடுத்த கட்டு ரெடி. அப்புறம் சொன்னாங்க: 'வலி இல்லையேன்னு கூடையைத் தூக்கினா தையல் அறுந்துடும். பயந்துக்கிட்டு அசைக்காமலே வச்சிருந்தா உள்ள ஒட்டிக்கும். ரெண்டுக்கும் நடுவுலதான் உங்க கை இருக்கு.' மணிக்கணக்குப் பார்த்து, நல்ல கையால அடிபட்ட விரலை மடக்கி நீட்டணும். ஒண்ணரை மாசத்துக்கு ஒரு டம்ளர்கூட அந்தக் கையால தூக்கக் கூடாது. இவரு நாலாவது வாரமே ஐஸ் பெட்டியைத் தொடப் பார்த்து, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு.

அவங்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பிசியோவும் அவங்களும் ஒண்ணுதான்னு நெனச்சிருந்தேன். அங்க நான் பார்த்தவரைக்கும், மூட்டையும் தசையையும் அசைய வைக்கிறது பிசியோ. இவங்க 'நீங்க என்ன தொழில்?'னு கேட்டுட்டு அங்கிருந்து ஆரம்பிச்சாங்க. சட்டை பட்டன் போட வச்சாங்க, கயித்துல முடிச்சுப் போட வச்சாங்க, கடைசியா கத்திப் பிடியைப் பிடிக்க வச்சாங்க.

ஒண்ணு சொல்லிடறேன். விரல் துண்டா போச்சுன்னா அதை நேரா ஐஸ்ல போடாதீங்க. சுத்தமான ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல வைக்கணும். நம்ம பக்கம் ஐஸுக்குப் பஞ்சமே இல்ல, அதனாலயே நெறைய பேர் தப்பா பண்றாங்க.

திருவொற்றியூர் மீனா:
எங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஓடுது. வாரம் மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். காப்பீட்டு அட்டையில போகுது. எவ்வளவு நேரம், எவ்வளவு தண்ணி எடுக்கணும், என்ன மருந்துங்கறது கிட்னி டாக்டர் எழுதறது. அந்த நாலு மணி நேரமும் கூடவே இருக்கிறது டெக்னீசியன் தம்பிதான்.

உள்ள போனதும் எடை. போன தடவை கெளம்பறப்ப இருந்த எடைக்கும் இன்னிக்கு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் உடம்புல சேர்ந்த தண்ணி. மெஷினைப் பார்த்துட்டு இவர் முகத்தைப் பார்ப்பான். 'அண்ணே, நேத்து கல்யாண வீடா? ரசம் ரெண்டு தடவை வாங்கினீங்களா?' இவர் முழிப்பார். எங்கிட்ட பொய் சொல்லலாம், அவன்கிட்ட முடியாது. அப்புறம் கையில ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசிக்காக ரெண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைச்ச இடத்துல விரல் வச்சுப் பார்ப்பான், உள்ள கிர்ருனு ஓடணும். அது நின்னுட்டா உடனே டாக்டருக்குத் தெரியணும். அந்தக் கையில பி.பி. பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. வேற எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கக்கான்னு எனக்குப் பாடம் நடத்தினவனும் அவன்தான்.

ஒரு நாள் பாதியில இவருக்குக் கால் இழுத்துக்கிச்சு, வேர்த்துக் கொட்டுது, பி.பி. சர்ருனு எறங்குது. நான் கத்தறதுக்குள்ள அவன் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, காலைத் தூக்கி வச்சு, தண்ணி இழுக்கறதை நிறுத்தி, சலைன் விட்டுட்டான். டியூட்டி டாக்டர் வந்து நிக்கறப்ப இவர் 'காபி கிடைக்குமா?'ங்கறார். டயாலிசிஸ் டெக்னாலஜின்னு உங்க பொண்ணு விண்ணப்பத்துல இருந்தா அது இதுதான். சாமர்த்தியம் மட்டும் போதாது, பொறுமையும் வேணும். ஒரே ஆளுங்களை வருஷக்கணக்குல பார்க்கணும். அவங்கள்ல சிலர் ஒரு நாள் வராம போயிடுவாங்க, அதையும் தாங்கணும்.

ஸ்கேன் ரூம் அக்கா, தண்டையார்பேட்டை:
நான் ரேடியோகிராபர். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. மூணும் பார்த்திருக்கேன். படம் எடுக்கறது நான். அதைப் படிச்சு ரிப்போர்ட் எழுதறது ரேடியாலஜிஸ்ட், அவர் எம்.பி.பி.எஸ்.சுக்கு மேல படிச்ச டாக்டர். வெளிய வந்ததும் எல்லாரும் என்னைத்தான் பிடிச்சுக்கேப்பாங்க, 'என்னம்மா, உடைஞ்சிருக்கா?'ன்னு. பல தடவை எனக்குத் தெரியும், ஆனா சொல்லக் கூடாது. சொல்லாம நிக்கிறதும் வேலையில ஒரு பாதி.

வயசுப் பொண்ணுங்க, புதுசா கல்யாணமானவங்க எக்ஸ்ரேக்கு வந்தா, குழந்தை தங்கியிருக்கான்னு கேட்டே ஆகணும். மாமியாரை வச்சுக்கிட்டுக் கேட்டா உண்மை வராது. 'கூட வந்தவங்க வெளிய இருங்க, கதிர்வீச்சு ஆகாது'ன்னு அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டுக் கேப்பேன். நாள் தள்ளிப்போயிருக்குன்னு முதல்முதலா எங்கிட்ட வாயைத் திறந்த பொண்ணுங்க உண்டு.

எம்.ஆர்.ஐ.யில கதிர்வீச்சே கிடையாது, காந்தம். ஆளில்லாத நேரத்துலயும் அந்தக் காந்தம் ஓடிக்கிட்டேதான் இருக்கும், அதனால சாவிக்கொத்தோட ஒருத்தர்கூட உள்ள வரக் கூடாது. நம்ம ஊர்ல தாலி ஒரு பெரிய விஷயம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனாலும் படம் கெடும், சூடேறலாம், கழட்டித்தான் ஆகணும். சில பேர் அழுவாங்க. என் டிராயர்ல எப்பவும் மஞ்சள் கயிறு இருக்கும். கட்டிக்கோங்கம்மான்னு கொடுத்தா முகம் மாறும். எந்தப் பாடப் புத்தகத்துலயும் இது இல்ல.

சட்டையில ஒரு பேட்ஜ் குத்திக்குவோம், எங்க மேல எவ்வளவு கதிர் பட்டிருக்குன்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை அனுப்பிப் பார்ப்பாங்க. முறையா வேலை செஞ்சா பயப்பட வேண்டியதில்ல. சில இடத்துல பேட்ஜே தர மாட்டாங்க. நான் முன்னாடி இருந்த ஒரு சென்டர்ல கேட்டதுக்கு 'அப்புறம் பார்க்கலாம்'னாங்க, நான் வேலையை விட்டுட்டேன்.

பெரம்பூர் பெரியவர்:
பழைய ஆட்கள் நாங்கள் இன்றும் ஸ்டான்லியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வோம். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வந்த பெயர். அங்கே படித்தவர்தான் வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம் வீரராகவன். 1973-ல் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்து, பிறகு ஐந்து ரூபாயோடு நிறுத்திக்கொண்டவர். 2020-ல் காலமானார். டாக்டர் வேண்டாம் என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள், இருந்தாலும் அவர் பெயரை விட மனம் வரவில்லை.

தலைப்புக்கு வருகிறேன். என் அண்ணனுக்குப் பக்கவாதம். பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது, பின் எதற்கு ஸ்பீச் தெரபிஸ்ட் என்று நினைத்தோம். அந்தப் பெண் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, விழுங்கும்போது தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள். இருமினார். விழுங்கும் தசை பலவீனமானால் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும் என்றாள். கெட்டியான கூழைவிடத் தண்ணீர்தான் ஆபத்து என்பது எங்களுக்குப் புதிய செய்தி. நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயைக் கீழே தாழ்த்தி விழுங்கச் சொல்லிக்கொடுத்தாள். பேச்சும் விழுங்குவதும் அவர்கள் துறைதான்.

வியாசர்பாடி 3வது தெரு:
நான் டி.பி. மாத்திரை சாப்ட்டவன். பேர் வேணாம். ஆறு மாசம். மாநகராட்சி சுகாதார நிலையத்துல சளி டெஸ்ட் எடுத்த லேப் டெக்னீசியனை நான் பார்த்ததே இல்ல. ஆனா என்ன கிருமி, ரிஃபாம்பிசின்ங்கற முக்கியமான டி.பி. மருந்து அதுக்கு வேலை செய்யுமான்னு சி.பி.நாட் மெஷின்ல போட்டு அன்னிக்கே சொன்னது அவங்கதான்.

நான் சொல்ல வந்தது, மாத்திரை ஒழுங்கா சாப்பிடறோமான்னு தேடி வந்து பார்க்கற ஹெல்த் விசிட்டர் அக்காவைப் பத்தி. முதல் நாளே சொன்னாங்க, 'யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், ரத்தம்னு பயந்து மாத்திரையை நிறுத்திடாத'. அதே மாதிரி போச்சு. சொல்லலைன்னா நான் கண்டிப்பா நிறுத்தியிருப்பேன். ரெண்டாவது மாசத்துல இருமல் போயிடும், ஒடம்பு ஏறும், 'அவ்ளோதான் சரியாயிடுச்சு'ன்னு தோணும். கரெக்டா அப்பதான் வருவாங்க. தெருவுல எல்லாரும் பார்க்க வீட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டாங்க. போன் பண்ணிட்டு குழாயடிப் பக்கம் நிப்பாங்க. காலி அட்டையைக் காட்டணும். சத்துணவுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் பேங்க்ல ஏறுதான்னு அவங்கதான் பார்ப்பாங்க.

டி.பி.காரனை வீட்டுல வச்சே குணப்படுத்தலாம், சானடோரியம்ங்கற டி.பி. ஆஸ்பத்திரியில வச்சாலும் அதே பலன்தான்னு உலகத்துக்கு நிரூபிச்சது நம்ம மெட்ராஸ். சேத்துப்பட்டு டி.பி. ஆராய்ச்சி மையம் 1956-ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி. வீடு தேடி வந்து மாத்திரையைப் பார்க்கற இந்த மாதிரி ஆளுங்க இல்லாம அது எப்படி நடந்திருக்கும்?

எண்ணூர் பாட்டி பேரன்:
108 பத்தி யாரும் எழுதல. வண்டி ஓட்டறவரை பைலட்னு சொல்றாங்க, பின்னாடி நோயாளியைப் பார்த்துக்கறவர் ஈ.எம்.டி., அதாவது அவசர சிகிச்சை டெக்னீசியன். ரெண்டும் வேற வேற வேலை. அக்காவுக்கு வலி வந்து ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போறோம், எக்ஸ்பிரஸ் ரோடுல கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்குது. நடுவுலயே ஆயிடும்னு தெரிஞ்சிடுச்சு. ஈ.எம்.டி. சின்னப் பையன். பாட்டி 'ஆம்பளைப் புள்ள பார்க்கறதா?'ன்னு ஆரம்பிச்சாங்க. அவன் சண்டை போடல. 'பாட்டி, நீங்க இந்தப் போர்வையைப் பிடிங்க, அக்கா கையைப் பிடிச்சுக்கோங்க, நான் சொல்றப்ப நீங்க அவங்ககிட்ட சொல்லுங்க'ன்னான். போன்ல ஒரு டாக்டர்கிட்ட பேசிக்கிட்டே பிரசவம் பார்த்தான். குழந்தையைத் துடைச்சு அம்மா நெஞ்சு மேல போட்டு, தொப்புள்கொடிக்கு கிளிப் போட்டு முடிக்கறப்பதான் லாரி நகருது. பாட்டி அவன்கிட்ட ஜாதகத்துக்கு நேரம் கேட்டாங்க. அதையும் குறிச்சு வச்சிருந்தான்!

ராயபுரம் அம்மா:
எல்லாத்தையும் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன். ஸ்கேன் ரூம் அக்காகிட்ட நிக்கிறா, தெரபிஸ்ட் பக்கமும் ஒரு கண்ணு இருக்கு. எங்க வீட்டுக்காரர் மட்டும் பஸ் ஸ்டாண்ட் சுவத்துல பார்த்தாராம், ஆறு மாசத்துல நர்ஸ் ஆகலாம்னு. அது பரவாயில்லையா?

கொருக்குப்பேட்டை ஸ்டாஃப் நர்ஸ்:
வேண்டாம்மா. நர்ஸ்னா ஏ.என்.எம்.ங்கற துணை நர்ஸ் படிப்பு ரெண்டு வருஷம், ஜி.என்.எம்.ங்கற நர்சிங் டிப்ளமோ மூணு வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். முடிச்சிட்டு தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்துல பதிவு பண்ணணும், அந்த நம்பர் இருந்தாதான் நர்ஸ். ஆறு மாச ஆளுங்களுக்கும் வெள்ளை உடுப்பு மாட்டி ஊசி போட விடற சின்ன ஆஸ்பத்திரிங்க இருக்கு. அங்க ஏதாவது தப்பு நடந்தா மாட்டறது அந்தப் பொண்ணுதான், ஓனர் இல்ல. கூட வேலை பார்த்த பொண்ணு ஒருத்தி அப்படி மாட்டினதைப் பார்த்துட்டுச் சொல்றேன். பார்மசிக்கும் அப்படித்தான், கவுன்சில் பதிவு வேணும். சுவத்துல இருக்கற நம்பருக்குப் போன் போட்டு, 'படிச்சு முடிச்சா குழுமத்துல பதிவு ஆகுமா?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரரை. 'வேலை நூறு சதவீதம் கேரன்ட்டி சார்'னு பதில் வந்தா, போனை வச்சிடலாம்.