புதுப்பிப்பு: குழந்தை அறைச் சுவரில் பூஞ்சை – காரணம் தெரிந்தது

தக்கலை அருகே உள்ள எங்கள் ஓட்டு வீட்டில், பிறக்கப்போகும் குழந்தைக்காக ஒதுக்கிய அறையின் மேற்குச் சுவரில் பூஞ்சை பிடிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. பெயிண்ட் வாங்கும் முன் வெளிப்புறத்தைப் பாருங்கள் என்றவர் சொன்னதே சரியாக இருந்தது: ஓட்டின் விளிம்பில் கூரைத் தண்ணீரை வடிக்கும் தகரப் பாத்தி உடைந்து, ஆனி, ஆடி மழைநீர் முழுவதும் அந்தச் சுவரின் அடியிலேயே தேங்கியிருக்கிறது. பாத்தியை மாற்றி, பழைய பூச்சைச் சுரண்டி, 3 வாரம் உலரவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். ஐப்பசி மழையிலும் சுவர் காய்ந்தே இருக்கிறது.

எதிர்பாராதது, சுவரோடு ஒட்டிக் கிடந்த அலமாரியின் பின்பக்கமும் பூஞ்சை பிடித்திருந்ததுதான். அதைத் துடைத்து வெயிலில் காயவைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறோம். அம்மா தைத்த இலவம்பஞ்சுத் தலையணையை மட்டும், குழந்தைக்கு ஒரு வயதுவரை தலையணை வேண்டாம் என்று செவிலியர் சொன்னதால், எடுத்து வைத்துவிட்டோம். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.